நாற்பது பிள்ளைகள், ஒரே ஒரு பதிகம்: தேவார முகாமில் தனிக்கவனம் கொடுப்பது எப்படி?

மே மாதம் கோயில் மண்டபத்தில் 10 நாள் தேவார முகாம், 8 முதல் 14 வயது வரை 40 பிள்ளைகள், பாட்டோடு கொஞ்சம் ஓவியமும் நாடகமும், கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார் ஒருவர், உதவிக்கு 4 பேர். இந்தக் கூட்டத்தில் பின்தங்கும் பிள்ளைகளைத் தனியாகக் கவனிப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊர்க் கோயிலில் பன்னிரண்டு கோடையாக இதே வேலையைச் செய்கிறேன், முதல் மூன்று நான்கு வருடம் சொதப்பியும் இருக்கிறேன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் 'பின்தங்கும் பிள்ளைகள்' என்ற பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். நாங்களும் ஆரம்பத்தில் முதல் நாளே சுமாராகப் பாடுகிறவர்களைப் பிரித்து மண்டபத்தின் கடைசித் தூண் பக்கம் உட்கார வைத்தோம். இரண்டாம் நாளே அந்த இடத்துக்குப் பிள்ளைகள் பேர் வைத்துவிட்டார்கள், மூன்றாம் நாள் அதில் நான்கு பேர் வரவில்லை. கர்நாடக சங்கீதம் ஐந்து வருடம் கற்ற பெண் ஒருத்தி முன்வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவே இல்லை. அவளுக்கும் தனிக்கவனம் தேவைதானே?

கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 5 நிமிடம் என்றால் 40 பேருக்கு 200 நிமிடம். 4 உதவியாளர்கள் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 10 பிள்ளைகள், 50 நிமிடம். ஓவியம் வரைகிற, நாடகம் ஒத்திகை பார்க்கிற நேரத்தில் ஒவ்வொருவராக அழைத்து இந்த 50 நிமிடத்தை எடுத்துவிடலாம், பாட்டு வகுப்பில் கை வைக்க வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை, 10 நாளும் அதே 10 பிள்ளைகள் அதே அண்ணனிடம், அதே அக்காவிடம்தான் போக வேண்டும். தினம் ஆளை மாற்றினால் தினமும் முதல் நாள்தான்.

நேரம் இருக்கிறது, ஆனால் பாடத்தைக் குறைக்காமல் அது கையில் கிடைக்காது. பத்து நாளில் ஐந்து பதிகம், சிவபுராணம், திருப்புகழ் இரண்டு என்று நோட்டீஸ் அடிக்கிறார்கள், பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கும். நான் சொல்வது ஒரே ஒரு பதிகம். சம்பந்தரின் முதல் பதிகம் 'தோடுடைய செவியன்' எடுத்துக்கொள்ளுங்கள். 11 பாட்டு, பாட்டுக்கு 4 வரி. முதல் 10 பாட்டில் 40 வரி இருக்கிறது, உங்களிடம் 40 பிள்ளைகள் இருக்கிறார்கள்! நிறைவு நாளில் ஆளுக்கு ஒரு வரி, பதினொன்றாம் பாட்டான திருக்கடைக்காப்பை எல்லாரும் சேர்ந்து. நானே வருடக்கணக்காக இதைக் கவனிக்காமல் 'யார் தனியாகப் பாடுவது' என்று பெற்றோர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. முதல் 10 பாட்டிலும் இரண்டாம் வரி 'உள்ளங்கவர் கள்வன்' என்று முடியும், நான்காம் வரி 'பிரமாபுரம் மேவிய பெம்மான் இவனன்றே' என்று முடியும். ஆகவே மனப்பாடம் வராத பிள்ளைக்கு, பயந்த பிள்ளைக்கு இரண்டாம் வரியோ நான்காம் வரியோ கொடுங்கள். பாதியில் மறந்து நின்றாலும் முடிவு மண்டபம் முழுவதற்கும் தெரியும், கூட்டமே எடுத்துக் கொடுத்துவிடும், பிள்ளை தடுமாறியது வெளியே தெரியாது. அந்தக் கொட்டாவிப் பெண்ணைப் போன்றவர்களுக்கு முதல் வரி, பாட்டை எடுத்துத் தரும் பொறுப்பு. யாருக்கு எளிய வரி கொடுத்தீர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, யாருக்கு எது என்று எப்படித் தெரியும்? முதல் நாள் 'பாடு பார்க்கலாம்' என்று சொல்லாதீர்கள், பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். உனக்குப் பிடித்த பாட்டு எது, இரண்டு வரி பாடிக் காட்டு என்று கேளுங்கள். சினிமாப் பாட்டுத்தான் வரும், வரட்டும். இதற்காக ஒரு பெரியவர் கோயிலுக்குள் என்ன பாட்டு இது என்று என்னிடம் கோபித்துக்கொண்டார், அதனால் இப்போது மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் வைத்துக்கொள்கிறோம். அந்த இரண்டு வரியில் பிள்ளையின் சுருதி எங்கே நிற்கிறது, தாளம் ஓடுகிறதா, சொல் தெளிவா, கூச்சமா எல்லாம் தெரிந்துவிடும். ஒரு நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி அதில் எழுதி வையுங்கள். 'சரியாகப் பாடவில்லை' என்று எழுதினால் அது யாருக்கும் உதவாது, 'மேலே போகும்போது குரல் உடைகிறது, கீழே நன்றாக இருக்கிறது' என்று எழுதினால் அடுத்த நாள் செய்ய ஒரு வேலை கிடைக்கும்.

சுருதியே சேராத பிள்ளை என்று நாம் முத்திரை குத்துவதில் பெரும்பாலும் தப்பு நம் பக்கம். சுருதிப்பெட்டியை ஐந்து கட்டையில், அதாவது உயர்ந்த சுருதியில், வைத்துவிட்டு எல்லாரையும் அதில் ஏறச் சொல்கிறோம். தனியாக இருக்கும் அந்த 5 நிமிடத்தில் தலைகீழாகச் செய்து பாருங்கள். பிள்ளை எந்த ஸ்வரத்தில் இயல்பாக நிற்கிறதோ அதில் நீங்கள் போய்ச் சேருங்கள், இரண்டு குரலும் ஒன்றானால் எப்படி இருக்கும் என்பதை அது முதல் தடவையாகக் காதால் உணரும். அப்புறம் அங்கிருந்து அரை அரைக் கட்டையாக மேலே நகர்த்துங்கள். மூன்று நாளில் முழுசாகச் சேர்ந்துவிடும் என்று சொல்லமாட்டேன், ஆனால் எங்கள் முகாமில் இதில் அசையாத பிள்ளையை நான் இதுவரை பார்க்கவில்லை.

12, 13 வயதுப் பையன்கள் வேறு கதை. போன வருடம் கணீரென்று பாடியவன் இந்த வருடம் தவளை மாதிரி ஆகியிருப்பான், அவனுக்கே வெட்கம். இது குரல் உடைகிற பருவம், சாதகம் பண்ணிச் சரிசெய்கிற விஷயமே இல்லை, மேலே இழுத்துப் பாட வைத்தால் தொண்டைதான் புண்ணாகும். அவனுக்குத் தாளத்தைக் கையில் கொடுங்கள், பாட்டுக்கு முன்னால் தலக்குறிப்பும் பொருளும் படிக்கிற வேலை கொடுங்கள், பாடவேண்டிய வரியை இரண்டாவது சுருதிப்பெட்டியில் அவனுக்கு வசதியான இடத்தில் வைத்துப் பழக்குங்கள். குரல் திரும்பி வரும் என்பதை மட்டும் மறக்காமல் அவனிடம் சொல்லிவிடுங்கள், யாரும் அவனிடம் சொல்லியிருக்கமாட்டார்கள்.

தாளம் நிற்காத பிள்ளைகளுக்குத் தேவார மரபிலேயே வழி இருக்கிறது. தாளத்தோடு பாடுவது பண்ணாங்கம், தாளமில்லாமல் விட்டுப் பாடுவது சுத்தாங்கம். பல முகாம்களில் எடுத்த எடுப்பிலேயே பண்ணாங்கத்தில் தட்டச் சொல்கிறார்கள். சொல் வாயில் ஏறுவதற்குள் கையும் ஓட வேண்டும் என்றால் எட்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? முதல் நான்கு நாள் எல்லாரும் சுத்தாங்கத்தில் பாடட்டும், மெதுவாக, சொல் சொல்லாக. அப்பரின் 'மாசில் வீணையும்' போன்ற திருக்குறுந்தொகை ஒரு பாட்டு இதற்கு நல்ல பழக்கம், வரி சின்னது, சொல் எளிது. (அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டபோது அவர் பாடியது என்று கதை சொல்லி முடித்ததும் ஒரு வாண்டு, 'அங்கேயும் நம்ம மண்டபம் மாதிரி ஃபேன் இல்லையா' என்று கேட்டது.) ஐந்தாம் நாளிலிருந்து தாளம் தட்டுங்கள், நோட்டைப் பார்த்து யாருக்கு இன்னும் இரண்டு நாள் வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது எழுத்து. இப்போது வருகிற பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆங்கில எழுத்தில் அடித்துக் கொடுங்கள் என்று பெற்றோர் கேட்பார்கள், நானும் ஒரு வருடம் கொடுத்தேன். ழ, ள, ல மூன்றும் ஒன்றாகி, ந, ன, ண மூன்றும் ஒன்றாகி, பாட்டு வேறு ஏதோ மொழி மாதிரி ஒலித்தது. இப்போது தாளே கொடுப்பதில்லை, முதல் மூன்று நாள் காது மட்டும்தான். ஓதுவார் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்ல, பழைய முறைதான். நான்காம் நாள் பெரிய எழுத்தில் ஒரு தாள் கொடுக்கிறோம், மேலே பாடுகிற வடிவம் 'விடையேறியோர் தூவெண்மதிசூடி', கீழே பதம் பிரித்து 'விடை ஏறி ஓர் தூ வெண்மதி சூடி'. பிரித்ததை மட்டும் கொடுத்தால் ராகம் முட்டுகிறது, பிரிக்காததை மட்டும் கொடுத்தால் பொருள் முட்டுகிறது. படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அந்தத் தாளில் தன் ஒரு வரியை மட்டும் படிக்கக் கற்றுக்கொடுத்தால் போதும்.

மனப்பாடத்துக்கும் சம்பந்தரே கைகொடுக்கிறார். அவருடைய பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இராவணன் வருவான், ஒன்பதில் அடிமுடி தேடும் திருமாலும் பிரமனும், பத்தில் சமணரும் பௌத்தரும், பதினொன்றில் அவர் பெயர். வரிசை மறக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி, ஓவிய நேரத்தில் அந்தந்தப் பாட்டுக்கு ஒரு படம் வரையச் சொல்லுங்கள். பாட வராத ஒரு பையன் கைலாயத்தின் கீழ் இருபது கையோடு நசுங்கும் இராவணனை வரைந்தான், எட்டாம் பாட்டு அவனுக்கு மட்டும் ஒரே நாளில் வந்துவிட்டது. பத்தாம் பாட்டில் ஒரு பெண், 'புத்தர் கெட்டவரா சார், பள்ளியில் நல்லவர் என்றுதானே படித்தோம்' என்று கேட்டாள். மழுப்பாதீர்கள். அந்தக் காலத்தில் சமயங்களுக்குள் நடந்த போட்டி பாட்டிலும் பதிந்திருக்கிறது, நீ பள்ளியில் படித்ததும் சரிதான் என்று சொன்னேன், அவள் அதோடு சமாதானமானாள்.

நம்பிக்கை சார்ந்த முகாமில் மட்டும் வரும் ஒரு சிக்கல் உண்டு, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மூன்று வயதில் சம்பந்தர் பாடினார், பத்து வயதில் உனக்கு நாலு வரி வரவில்லையா என்று உதவியாளர் ஒருவர் விளையாட்டாகச் சொன்னார். அந்தப் பிள்ளை மறுநாள் வரவில்லை. பெரியபுராணக் கதையை அளவுகோலாக்கிப் பிள்ளையை அளப்பதை முதல் நாளே தடை செய்யுங்கள். இதைவிடக் கனமானது அற்புதக் கதைகள். தண்டியடிகள் நாயனார் பார்வையில்லாமலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு திருவாரூர்க் குளத்தைத் தோண்டியவர், முடிவில் அவருக்குக் கண் கிடைக்கும். பார்வை குறைந்த ஒரு பெண் வந்திருந்த வருடம், அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்து அந்தக் கதையைத்தான் நாடகமாக எடுத்தோம். ஒத்திகை முடிந்து அவள் மெதுவாக, 'அவருக்குக் கிடைத்துவிட்டது, எனக்கு?' என்றாள். என்னிடம் பதில் இல்லை. அவளுக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒலிப்பதிவு மட்டும்தான், கேட்டே முழுப் பதிகத்தையும் எல்லாருக்கும் முன்னால் பாடம் பண்ணிவிட்டாள், நாங்கள்தான் அவள் கண்ணைப் பற்றி நாடகம் போட்டுக்கொண்டிருந்தோம். அதன்பின் எந்தப் பிள்ளைக்கும் அதன் குறையை ஒட்டிய நாயன்மாரை நாங்களாகத் தேடிக் கொடுப்பதில்லை. எந்த வேடம் வேண்டும் என்று கேட்டுவிடுகிறோம். (எல்லாரும் கண்ணப்பர்தான் கேட்பார்கள், சீட்டுக் குலுக்கிப் போடுங்கள்.)

இதே போலத்தான் மாத்திரை விஷயம். திருப்பாச்சிலாச்சிராமத்தில் சம்பந்தர் பாடி, கொல்லி மழவன் என்ற மன்னனின் மகளைப் பிடித்த முயலகன் நோய் தீர்ந்தது என்பது வரலாறு. முயலகன் என்பதை வலிப்பு என்றே பலரும் சொல்வார்கள். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளையின் அம்மா இதைக் கேட்டுவிட்டு மாத்திரையை நிறுத்தலாமா என்று யோசித்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெயர் பதியும்போதே மருந்து, நேரம், மருத்துவர் சொன்ன கட்டுப்பாடு எல்லாம் எழுதி வாங்குங்கள், பதிகம் பாடுவது பாடுவதற்கு, மாத்திரை மாத்திரைதான் என்று பெற்றோரிடம் நேராகச் சொல்லுங்கள், அந்தப் பிள்ளை பக்தியில் விரதம் இருக்க விடாதீர்கள். திக்கிப் பேசும் பிள்ளைகள் பாடும்போது பெரும்பாலும் திக்குவதில்லை, கூட்டமாகச் சொல்லும்போதும் அப்படித்தான். ஆனால் பாட்டு நின்றதும் பேச்சில் திரும்ப வரும், அதில் யார் தவறும் இல்லை. குணமாகிவிட்டது என்று மேடையில் அறிவிக்கிற ஆசை அப்பாக்களுக்கு வரும், பேச்சுப் பயிற்சி தருபவரிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள், மேடையில் அவன் வரியைப் பாடட்டும், 'என் பெயர் இன்னது' என்று மைக்கில் சொல்லச் சொல்லாதீர்கள்.

சத்தம் தாங்காத பிள்ளைகள் இருப்பார்கள், ஆட்டிசம் உள்ள ஒரு பையன் எங்களிடம் மூன்று வருடம் வந்தான். பூசை நேரத்தில் மின்சார முரசும் மணியும் சேர்ந்து அடிக்கும் அல்லவா, நமக்கே காது அடைக்கும், அவன் முதல் நாள் தூணில் தலையை முட்டிக்கொண்டான். உச்சிக்காலப் பூசைக்கு 5 நிமிடம் முன்னால் அவனைக் கவனிக்கும் உதவியாளர் அக்கா அவனை நந்தவனத்துக்கு அழைத்துப் போய்விடுவாள், முடிந்ததும் வருவார்கள், அவ்வளவுதான் ஏற்பாடு. அன்றைய நிகழ்ச்சி வரிசையை, பாட்டு, தண்ணீர், ஓவியம், சுண்டல் என்று படமாக வரைந்து ஒரு அட்டையில் கொடுத்தோம். ஒன்று முடிந்ததும் அதை அவனே அடித்துவிடுவான். சுண்டல் நேரம் தள்ளிப்போனால் மட்டும் எங்களைச் சும்மா விடமாட்டான். மே மாதக் கருங்கல் வெயிலில் கொதிக்கும், தேங்காய் நார் விரிப்பு போட்டுவிடுங்கள். கால் சுடும்போது எந்தப் பிள்ளைக்கும் பண் ஏறாது.

பெண் பிள்ளைகள் விஷயம் ஒன்றை யாரும் கேட்கமாட்டார்கள், நானே சொல்லிவிடுகிறேன். 11 வயதுக்கு மேல் உள்ளவர்களில் சிலர் நடுவில் மூன்று நான்கு நாள் வரமாட்டார்கள், வீட்டில் கோயிலுக்கு அனுப்பமாட்டார்கள். காரணத்தை யாரும் சொல்லமாட்டார்கள், நீங்களும் கேட்காதீர்கள். 10 நாள் முகாமில் நான்கு நாள் போனால் பாதி போன மாதிரி. அன்றன்றைய பாடத்தை ஓதுவார் குரலில் பதிவு செய்து 40 பேர் வீட்டுக்கும் வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள், வராதவர்களுக்கு மட்டும் என்று அனுப்பினால் அதுவே விளம்பரமாகிவிடும். முடிந்தால் வகுப்பைக் கோயிலுக்கு வெளியே உள்ள கல்யாண மண்டபத்துக்கு மாற்றுங்கள், நாங்கள் மாற்றிய வருடம் இடைநிற்றல் பாதியாகக் குறைந்தது. வீட்டில் தீட்டு என்று வராமல் போகிற பிள்ளைகளுக்கும் இதே வசதி பயன்படும்.

தனிக்கவனம் என்றதும் தனி அறையைத் தேடாதீர்கள். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் கதவு மூடிய இடத்தில் இருக்கக் கூடாது, மண்டபத்தின் ஓரத்தில், எல்லார் கண்ணும் படுகிற இடத்தில்தான் அந்த 5 நிமிடம். தாளம் தட்டச் சொல்லிக்கொடுக்க உங்கள் தொடையில் தட்டிக் காட்டுங்கள், பிள்ளையின் கையைப் பிடித்துத் தட்டாதீர்கள். பல வருடம் பழகியவர், நல்ல பக்திமான் என்பதெல்லாம் இதில் விலக்குக்குக் காரணமாகாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இலிருந்து இருக்கிறது, உதவியாளர்கள் நான்கு பேருக்கும் முதல் கூட்டத்திலேயே அதை விளக்குங்கள், சங்கடமாக இருந்தாலும் பரவாயில்லை.

நிறைவு நாளில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டாம். புரவலர் ஒருவர் வெள்ளிக் காசு தருகிறேன் என்பார், 40 பேருக்கும் திருமுறைப் புத்தகமாகக் கேளுங்கள்.

முகாம் முடிந்த அன்று அந்த நோட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிடாமல் ஒவ்வொரு பெற்றோரிடமும் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள், 2 நிமிடம் போதும். நாற்பதில் ஒன்றிரண்டு பிள்ளைகள் இதைத் தொடர வேண்டும் என்று நிற்பார்கள், அவர்களுக்கு அறநிலையத்துறையின் ஓதுவார் பயிற்சிப் பள்ளிகளையும் ஆதீனங்கள் என்னும் சைவ மடங்களின் வகுப்புகளையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளையின் அப்பா, 'இதெல்லாம் பையன்களுக்குத்தானே' என்பார். 2021இல் சென்னையை ஒட்டிய மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் ஒரு பெண் ஓதுவாராக நியமிக்கப்பட்ட செய்தியைக் காட்டுங்கள். எங்களிடம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு நான் அதைத்தான் காட்டினேன், இரண்டு வருடமாக அவள்தான் எங்கள் முகாமில் பத்துப் பிள்ளைகளுக்கு அக்கா.